உயிர்க்கற்களும் ஊர்ச் சாரணையும்

கல்முனையில் மாணவர் ஒருவரின் வீட்டு யன்னற்படியில் அண்மையில் நான்கு யோகட் கோப்பைகளைக் கண்டேன். மணலும் சல்லியும் இட்ட மூன்றில் கூழாங்கல் போன்ற சிறு செடிகள் இருந்தன. நான்காவது வெறுமையாக இருந்தது. "மாரி ஈரத்தில் அழுகிவிட்டது, சேர்" என்றார். "எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன். "விற்றவருக்கே தெரியாது" என்றார்.

அந்தப் பதில் என்னை விட்டு அகலவில்லை. ஒரு செடி எங்கிருந்து வந்தது, யாருடைய கையால் பிடுங்கப்பட்டது என்று அறியாமலே அதை நாம் விலைக்கு வாங்குகிறோம். இந்த அறியாமைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

உயிர்க்கல் என்பது தென்னாபிரிக்கா, நமீபியா ஆகிய நாடுகளின் வறண்ட நிலத்துக்குரிய செடி. கல்முகம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்கு லித்தொப்ஸ் எனப் பெயரிட்டனர். இரண்டே இலைகள், அவற்றின் நடுவே ஒரு பிளவு. உடலின் பெரும்பகுதி மண்ணுள் புதைந்திருக்க, தலைப்பகுதி மட்டும் வெளியே தெரியும். கண்ணாடி போன்ற அத்தலைப்பகுதி வெயிலை உள்ளே விடுகின்றது. ஆண்டுதோறும் பழைய இலைகளின் நீரைப் பருகியே புதிய இலைகள் வளர்கின்றன. மழை பட்டாலன்றி விதையுறை திறவாது. கற்களிடையே கல்லாக மறைந்து விலங்குகளின் வாய்க்குத் தப்பிய இச்செடி மனிதனுடைய கைக்குத் தப்பவில்லை.

அந்தக் கை நம் கரைக்கும் புதியதன்று. ஒல்லாந்தக் கம்பனி 1652-இல் நன்னம்பிக்கை முனையில் தளம் அமைத்தது. 1656-இல் கொழும்பைப் பிடித்தது. 1766-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இத்தீவின் கரையோரம் முழுவதும் அதன் வசமாயிற்று. கம்பனியின் வைத்தியராக 1672-இல் இலங்கைக்குப் புறப்பட்ட போல் ஹேர்மன், வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கிச் செடிகள் சேகரித்தார். பின்னர் இங்கும் சேகரித்தார். அச்சேகரத்தை ஆதாரமாகக் கொண்டே லினேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை எழுதினார். ஹேர்மனின் குறிப்புகளில் செடிகளுக்குச் சிங்கள மக்கள் வழங்கிய பெயர்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக்கொடுத்த மனிதர்களின் பெயர்களோ இல்லை.

உயிர்க்கல்லின் கதையும் இவ்வாறே. 1811-ஆம் ஆண்டு வில்லியம் பேர்ச்செல் என்னும் ஆங்கிலேயர் மாட்டுவண்டியில் பயணஞ் செய்கையில், ஒறேஞ்ச் நதிக்கு அண்மையிலுள்ள பிறீஸ்கா பகுதியில் விசித்திரமான கல் என்று எண்ணி ஒன்றை எடுத்தார். அது செடியாக இருந்தது. 1922-இல் கியூ தாவரவியலாளர் என்.ஈ. பிறவுண் அதற்குத் தனிப் பேரினம் வகுத்தார். ஏடுகளில் இவ்விருவர் பெயரும் நிலைத்தன. பேர்ச்செலுடன் சென்று மாடோட்டி வழிகாட்டிய கொய்கொய் மக்கள், அச்செடிகளிடையே பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். 'கண்டுபிடிப்பு' என்ற சொல் அவர்களைச் சேரவில்லை.

பழங்கதை முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. 2019 முதல் தென்னாபிரிக்காவில் இத்தகைய செடிகளின் திருட்டு வெள்ளமாய்ப் பெருகிற்று. பிடிபட்ட செடிகள் மாத்திரமே பத்து இலட்சத்துக்கு மேல். அவற்றுள் மிகுதியானவை உயிர்க்கல்லின் நெருங்கிய உறவான கொனோபைற்றம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் சில ஒரே குன்றில் மட்டும் வாழ்பவை. குன்று வெறிதானால் அவ்வினமே அழிந்தது. பிடுங்கியவர்கள் யார்? செப்புச் சுரங்கமும் வைரச் சுரங்கமும் ஒடுங்கிப்போன நாமக்குவாலாந்துப் பகுதியில், மழையும் பொய்த்து வேலையும் அற்ற ஏழைகள் பலர். 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் தொலைநாட்டு வீடுகளில் செடி வளர்க்கும் ஆசை பெருகியது. அங்கே பசியும் பெருகியது. பிடுங்கிக் கொடுத்தவனுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. சிறைக்கு முதலில் போகிறவனும் பெரும்பாலும் அவனே. செடியோ கடல் கடந்து பன்மடங்கு விலைக்குப் போகிறது.

அப்படியாயின் செடியை நேசிப்பதே குற்றமா? அல்லவே அல்ல. டெஸ்மண்ட் கோல் என்பவர் தென்னாபிரிக்காவில் மொழியியல் கற்பித்த பேராசிரியர். மனைவி நவுறீனோடு உயிர்க்கற்கள் வாழும் நூற்றுக்கணக்கான இடங்களைத் தேடிப் பதிந்து 1988-இல் நூலாக்கினார். இன்று உலகெங்கும் வளர்ப்போர் அப்பதிவெண்களைக் கொண்டே, விதையிலிருந்து முளைப்பித்த செடிகளின் பிறப்பிடத்தை அறிகின்றனர். விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று ஆண்டுகளளவு செல்லும். கற்றாழைக்கு அரபியில் வழங்கும் பெயரும், பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்னும் சொல்லும் ஒரே வேரெழுத்துக்களால் ஆனவை. 'சபூர் செய்' என்று நம் ஊர் மக்கள் சொல்லும் அந்தப் பொறுமை செடி வளர்ப்பவனுக்கு அழகு. ஆனால் நிலத்தையும் தொழிலையும் பறிகொடுத்தவனுக்கு அதை உபதேசிப்பது அழகன்று.

மாணவரிடம் இன்னொன்றும் சொன்னேன். கரைவாகு வட்டை ஓரத்திலும் வெற்று வளவுகளிலும் படர்ந்து கிடக்கும் சாரணையை அவர் அறிவார். ஏழை வீட்டு அடுப்பில் கீரையாக வேகும் அச்செடி உயிர்க்கல்லின் சொந்தக் குடும்பம். உப்பங்கழிக் கரையில் தடித்த இலையோடு படர்ந்து ஊதாப் பூப் பூக்கும் கொடியும் அக்குடும்பமே. உப்பிலும் வெயிலிலும் நீரைச் சேமித்து வாழும் வித்தையை அவை நம் காலடியிலேயே நடத்துகின்றன. அவற்றுக்கு விலையில்லை; ஆகவே அவற்றைச் சேகரிப்பாரும் இல்லை.

அடுத்த முறை சென்றபோது, வெறுமையாக இருந்த நான்காவது கோப்பையில் சாரணை துளிர்த்திருந்தது. அதன் மேல் ஒரு கடதாசித் துண்டில் எடுத்த இடமும் திகதியும் எழுதியிருந்தார். அதன் கீழே, அதைக் காட்டிக்கொடுத்த உம்மம்மாவின் பெயரும் இருந்தது.