நம் மண்ணில் வகுப்பறை வளர்ந்த கதை

பங்கின் விழா மலர் என்றாலே கோவில் எழும்பிய வரலாறும், பணியாற்றிய குருக்கள், கன்னியர், உபதேசியார்களின் நினைவும் அதில் முதலிடம் பெறுவது வழக்கம். அது தகும். கோவிலின் நிழலிலேயே பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடமும் எழும்பியது என்பதையும் நாம் அறிவோம். ஆனால் அந்தப் பள்ளிக்குள் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பித்தார்கள், யார் உள்ளே அமர்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்ற வரலாறு எழுதப்படுவது அரிது. அதைச் சற்றே திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிள்ளையை மையமாகக் கொண்ட கல்வி, எல்லாரையும் உள்ளடக்கிய கல்வி என்ற சொற்கள் இன்று அடிக்கடி நம் காதில் விழுகின்றன. இவை கடல் கடந்து வந்த புதுச் சரக்கு என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதுவன்று. வடமதுரையிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் போய்வரக்கூடிய இடங்களிலேயே இவ்வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் எழுதப்பட்டன.

திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

நம் முன்னோர் கற்றது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். அண்ணாவி ஒருவர், அவரைச் சுற்றிப் பல வயதுப் பிள்ளைகள். புதிதாகச் சேர்ந்தவன் மணலில் விரலால் எழுதுவான். தேறியவன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. அவனவன் தன் படியில் நின்று கற்றான். முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளை என்ற பெயரில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான்.

1822ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணமெங்கும் இத்தகைய கல்விக்கூடங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 கல்விக்கூடங்களும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் கணக்கு வந்தது. வெள்ளையர் வருமுன் இந்நாடு எழுத்தறியா நாடு என்ற பேச்சுக்கு இக்கணக்கே தக்க பதில்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அக்கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. சேரிப் பிள்ளைக்குத் திண்ணையில் இடமில்லை. உள்ளே அமர்ந்தவனுக்கும் பிரம்பும் கோதண்டமும் காத்திருந்தன. கற்பிக்கும் முறையில் நெகிழ்வு இருந்தது. கதவு மட்டும் குறுகலாக இருந்தது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் போர்வீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் இல்லத்திலும் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இசையவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான்.

1797ஆம் ஆண்டில் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறினான் என்றே சொல்லலாம்.

அங்கே நடந்தது யாது? நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் பாடத்தை முடித்துவிடும் சிக்கன உபாயமாக அது மாறிற்று. பிள்ளைக்குப் பிள்ளை உதவும் அன்பு போய், மணியடித்தால் எழுந்து நிற்கும் இயந்திரம் வந்தது. நல்லதொரு முறை எப்படிக் கெடும் என்பதற்கு வரலாறு தந்த முதல் பாடம் இது.

கோவிலும் பள்ளியும்

சேசு சபைக் குருக்கள் 1830களின் இறுதியில் மதுரை மறைமாநிலத்துக்குத் திரும்பியபின் கல்விப் பணி வேரூன்றியது. திண்டுக்கல் புனித மரியன்னை பள்ளி 1850இல் தோன்றியது. சிற்றூர்களிலோ பள்ளி என்பது பெரும்பாலும் கோவில் தாழ்வாரமும் ஒரு கரும்பலகையுமே. ஞாயிறன்று ஞானோபதேசம் சொன்ன உபதேசியாரே திங்களன்று அரிச்சுவடி கற்பித்தார். திண்ணை ஏற்காத பல பிள்ளைகள் இத்தாழ்வாரங்களில்தான் முதன்முதலில் எழுத்தைத் தொட்டார்கள்.

ஆயினும் நமக்கும் குறையுண்டு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. கோவிலில் சுவர் நின்ற சமுதாயத்தில் வகுப்பறையில் மட்டும் அது நிற்கவில்லை என்று எவரும் சாதிக்க இயலாது. கல்லால் கட்டிய சுவரை ஒரே நாளில் இடிக்கலாம். யார் முன்வரிசை, யார் கடைசி வரிசை என்ற சுவரோ ஆசிரியரின் கண்ணில் இருக்கிறது. அதை இடிக்க நாட்கள் பல ஆகும்.

உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கும் அக்காலத்திலேயே கதவு திறந்தது. பாளையங்கோட்டையில் 1890களில் பார்வையற்றோருக்கும் செவித்திறனற்றோருக்கும் கல்விப் பணி தொடங்கியது. தொடங்கியவர்கள் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த மறைபணிப் பெண்மணிகள். இப்பிள்ளைகளால் கற்க முடியும் என்று நம்பியதே அன்று பெரும் புரட்சி.

கொடைமலையில் ஒரு கல்வியாளர்

உலகமே அறிந்த கல்வியாளர் ஒருவர் இரண்டாம் உலகப் போரின் நடுவே நம் கொடைக்கானலில் வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870இல் இத்தாலியில் பிறந்து மருத்துவரான இவர், முதலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம் பணியாற்றினார். தொட்டும் தடவியும் அடுக்கியும் கற்கும் சாதனங்களை அவர்களுக்கென அமைத்தார். அவர்கள் மற்றப் பிள்ளைகளின் தேர்வையே எழுதித் தேறியபோது ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாரின் வியப்போ வேறு. குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு கற்க முடியுமென்றால், குறையற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் எவ்வளவு கட்டிப்போட்டிருக்க வேண்டும் என்று எண்ணினார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்.

1939இன் இறுதியில் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் பகை நாட்டவர் ஆயினர். மகன் காவலில் வைக்கப்பட்டார்; அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளன்று விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர்.

அங்கே நடந்த சிறு பள்ளியில் பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து கற்றார்கள். இலையும் பாசியும் கல்லும் பூச்சியுமே பாட சாதனங்கள் ஆயின. பெரிய பிள்ளை செய்வதைச் சிறிய பிள்ளை பார்த்தது. சிறியவன் கேட்ட கேள்விக்குப் பெரியவன் விடை தேடினான். வயதால் பிரிக்கும் சுவர் பிள்ளைக்கு இயல்பானதன்று என்பது அங்கே தெளிவாயிற்று. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அம்மையார் வகுத்த கல்வி, பெரிதும் இம்மலையில் கனிந்ததே. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானல், 1985இல் பிரிந்த நம் மாவட்டத்தில் இன்று அடங்குகிறது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத் தோன்றிய இம்முறை, இன்று நம் நாட்டில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லோரின் பள்ளிப் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

வேடசந்தூரின் சட்டமன்ற உறுப்பினர்

மாண்டிசோரி அம்மையாரும் காந்தியடிகளும் 1931இல் லண்டனில் சந்தித்தார்கள். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். தாய்மொழியில், கைத்தொழிலின் வழியாக, வாழ்வோடு ஒட்டிக் கற்பது அதன் சாரம். நூல் நூற்கும் பிள்ளை அதிலேயே கணக்கையும் பூகோளத்தையும் கற்க வேண்டும்.

இக்கனவை நம் பகுதிக்குக் கொணர்ந்தவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் கோ. ராமச்சந்திரனும் ஆவர். 1947இல் சின்னாளபட்டி அருகே இவர்கள் நிறுவிய காந்திகிராமத்தில் ஆதாரப் பள்ளியும், ஆசிரியர் பயிற்சியும், 1956இல் கிராமியக் கல்வி நிலையமும் வளர்ந்தன. 1976இல் அந்நிலையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வடமதுரை அடங்கிய வேடசந்தூர்த் தொகுதியிலிருந்து 1957இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இந்தச் சௌந்தரம் அம்மையாரே. பின்னர் மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் விளங்கினார்.

ஆதாரக் கல்வியும் சோதனைக்குத் தப்பவில்லை. பல பள்ளிகளில் தக்ளி சுழன்றது. கணக்கு தனியே, நூற்பு தனியே நின்றது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. குலக்கல்வி என்று அதை மக்கள் எதிர்த்தனர். 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து ஒரு தொழிலைக் கற்பது விடுதலை. சலவைத் தொழிலாளியின் மகன் சலவையை மட்டும் கற்பது சிறை. தொழில் ஒன்றேயாயினும் இரண்டுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு.

அதே காமராஜர் 1956இல் மதிய உணவைப் பள்ளிதோறும் பரப்பத் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது எவ்வளவு பெரிய பாடம் என்பதை நம் பெரியோர் அறிவார்கள்.

ஏணியும் அட்டையும்

எம்.பி. விஜயகுமார் என்ற ஆட்சிப் பணி அதிகாரி வேலூர் மாவட்ட ஆட்சியராய் இருந்தபோது, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் கருத்தூன்றினார். பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வருபவனை எந்த வகுப்பில் அமர்த்துவது? அதற்கு விடை ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிடைத்தது. அங்குள்ள கிராமக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்கென்றே பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல் வரிசைப்படுத்தியிருந்தது.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இம்முறை தொடங்கப்பட்டது. 2007இல் தமிழகமெங்கும் 37,000க்கு மேற்பட்ட பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. செயல்வழிக் கற்றல் என்று இதை நாம் அறிந்தோம். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சுவரெங்கும் கரும்பலகை வந்தது. ஆசிரியர் தரையில் அமர்ந்தார்.

இதன் பெருமை யாருக்கு விளங்குமென்றால், கடலை பறிக்கும் நாட்களில் பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்ற தாய்க்கு விளங்கும். பழைய வகுப்பில் பத்து நாள் வராதவன் பத்துப் பாடம் பின்தங்கி, பிறகு வெட்கப்பட்டு நின்றேவிடுவான். ஏணி முறையிலோ விட்ட படியிலிருந்தே ஏறலாம். வகுப்பு அவனை விட்டுவிட்டு ஓடிவிடாது. திண்ணையில் இருந்த நெகிழ்வு, இம்முறை எல்லார்க்கும் திறந்த கதவோடு திரும்பி வந்தது எனலாம்.

எனினும் காலியான ஆசிரியப் பணியிடங்களும், கிழிந்த அட்டைகளும், நிரப்ப வேண்டிய பதிவேடுகளும் பல இடங்களில் அதையும் ஒரு சடங்காக்கின என்பதை ஆசிரியப் பெருமக்களே சொன்னார்கள். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021இல் தன்னார்வலர்களைக் கொண்டு இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கும் முறை அது. அரும்பாய் இருப்பது குற்றமன்று, பருவம் என்பதே அப்பெயர்களின் பொருள்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றே. மணலோ, தக்ளியோ, அட்டையோ, எதுவாயினும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பார்க்கும் கண் இருந்தவரை முறை வாழ்ந்தது. அக்கண் மூடிய அன்றே அது சடங்காயிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைத் தடை செய்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்கும் உரிமையைத் தந்தது. சட்டம் கதவைத் திறக்கும். கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்ல மனிதர் வேண்டும்.

நம் வட்டாரத்துப் பள்ளிகளில் இன்று யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் பிள்ளை உண்டு. நூற்பாலை வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை உண்டு. தாயும் தந்தையும் இரவு ஷிப்டில் இருக்க, தம்பி தங்கைக்குச் சோறு போட்டுவிட்டு வரும் பெண் பிள்ளை உண்டு. எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளையை நாம் மக்கு என்று பெயர் வைத்து அழைத்திருக்கிறோம். இவர்கள் யாவரும் கடைசி வரிசையில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும் முன் இன்று என்ன கேள்வி கேட்டாய் என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, நாளுக்கு ஒருமுறையேனும் கடைசி வரிசையில் போய் அமருங்கள். இளைஞர்களே, மாலையில் ஒரு மணி நேரம் ஒரு சிறுவனுக்குச் சட்டாம்பிள்ளையாய் இருங்கள். பிரம்பு மட்டும் வேண்டாம். பங்கு மன்றத்தாரே, பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை எழுதி, வீடு தேடிச் செல்லுங்கள்.

விழாவுக்கு வண்ணம் பூசிய கோபுரம் சில மழைக்காலங்களில் மங்கிவிடும். நின்றுபோன ஒரு பிள்ளை மீண்டும் பள்ளி வாசலை மிதிப்பானாகில் அது மங்காது. அதுவே நாம் படைக்கும் மெய்யான விழாக் காணிக்கையாகும்.