வெப்சைட்டில் பழைய அறிவிப்பு அப்படியே இருப்பது ஏன்? அப்டேட் எங்கே சிக்குகிறது? முழு விளக்கம்!

தருமபுரி மாவட்டம் கடத்தூரில் இருந்து ஒருவர் திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு, மனுவோடு பஸ் ஏறி கலெக்டர் அலுவலகம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே போனால், 'தேர்தல் நேரம், குறைதீர் கூட்டம் கிடையாது' என்கிறார்கள். கிளம்பும் முன் அவர் செல்போனில் பார்த்த ஏதோ ஒரு தளத்தில் பழைய தகவலே இருந்திருக்கிறது. பஸ் காசும் போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு.

இப்படி ஏன் நடக்குது?

ஒரு அறிவிப்பு, இரண்டு வேலை

2024 மக்களவைத் தேர்தலுக்காக மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நடத்தை விதிகள் அமலில் இருந்தன. அந்த நாட்களில் தமிழகம் முழுவதும் குறைதீர் கூட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அப்படின்னா, ஒரு அலுவலகத் தளத்தில் 'கூட்டம் இல்லை' என்று போடுவது ஒரு வேலை. விதிகள் விலகியதும் அதை எடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை எல்லோரும் நினைவில் வைப்பார்கள். இரண்டாவதுதான் விட்டுப்போகும்.

எங்கே சிக்கல்?

பெரும்பாலான இடங்களில் வேலைப் பட்டியல் ஒரு பக்கம் இருக்கும். அது கூகுள் ஷீட், ட்ரெல்லோ அல்லது வாட்ஸ்அப் குரூப்பாக இருக்கலாம். வெப்சைட் வேர்ட்பிரஸ், விக்ஸ் போன்ற இன்னொரு பக்கத்தில் இருக்கும். இரண்டும் தானாகப் பேசிக்கொள்ளாது. பட்டியலில் 'முடிந்தது' என்று டிக் அடித்தாலும் தளம் மாறியிருக்காது.

* விக்ஸில் 'சேவ்' வேறு, 'பப்ளிஷ்' வேறு. சேவ் மட்டும் செய்தால் மக்களுக்குத் தெரியாது.
* வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' அனுமதி உள்ளவர் எழுதலாம், வெளியிட முடியாது. மேலே உள்ளவர் ஒப்புதல் தரும் வரை அது காத்திருக்கும்.
* தளத்தின் நேரம் யுடிசி-யில் விடப்பட்டிருந்தால், காலை 6 மணிக்கு என்று செட் செய்த பதிவு நம் ஊர் நேரப்படி 11.30-க்குத்தான் வரும்.
* எல்லாம் சரியாக இருந்தாலும், 'கேஷ்' காரணமாக சிலரது போனில் பழைய பக்கமே கொஞ்ச நேரம் தெரியலாம்.

இரண்டையும் தானியங்கியாக இணைக்கும் ஜேப்பியர் போன்ற சேவைகள் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் தேதி தப்பாக இருந்தால், அந்தத் தப்பும் அதே வேகத்தில் தளத்துக்குப் போய்விடும். அதனால் தானாக 'வரைவு' வரை போகட்டும், வெளியிடுவதை ஒரு ஆள் பார்த்துச் செய்வதே பாதுகாப்பு.

அரசுத் தளங்களுக்கு விதி என்ன?

தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் தளங்கள் தேசிய தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' என்ற பொது அமைப்பில் இயங்குகின்றன. இதில் புரோகிராம் எழுதத் தெரியாத ஊழியரும் தகவலை மாற்ற முடியும்.

அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-ல் முதலில் வந்தன, 3.0 பதிப்பு 2023-ல் வந்தது. யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, யார் ஒப்புதல் தருவது, காலாவதியானதை எப்போது நீக்குவது என்பதை ஒவ்வொரு துறையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்கின்றன இவை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவும், அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டிய விவரங்களை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது.

சின்ன அலுவலகம், கடை, பள்ளிக்கு எளிய வழி

பட்டியலில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் 4 கட்டம் போதும்:

1. தளத்தில் ஏற வேண்டிய தேதி
2. இறங்க வேண்டிய தேதி
3. பொறுப்பான ஒருவரின் பெயர்
4. வெளியான பக்கத்தின் லிங்க்

லிங்க்கை வேறொரு போனில் திறந்து பார்த்த பிறகுதான் 'முடிந்தது' என்று குறிக்க வேண்டும். இறங்கும் தேதியில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மக்கள் என்ன கவனிக்கணும்?

பக்கத்தின் அடியில் உள்ள 'கடைசியாகப் புதுப்பித்த தேதி'யைப் பாருங்கள். சில தளங்களில் அது மொத்தத் தளத்துக்குமான தேதி, நீங்கள் படிக்கும் அறிவிப்புக்கானது அல்ல. அதனால் அறிவிப்புக்குள் இருக்கும் தேதியையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால், பஸ் ஏறும் முன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.