மைல்டு பீரும் அதன் மால்ட்டும்: வெளிறிய பானம் கருமையானது எப்படி?

பிரிட்டனில் 'மைல்டு' என்றால் கருமையான, போதை குறைந்த, விலை மலிந்த பீர் என்றே இன்று பலரும் கருதுகின்றனர். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு விற்கப்பட்ட மைல்டு ஏல் வெளிறிய நிறமும் மிகுந்த வீரியமும் கொண்டதாக இருந்தது. பீப்பாய்களில் மாதக்கணக்கில் முதிர வைக்கப்படாமல், வடித்த சில வாரங்களிலேயே கடைக்கு வந்த புதிய பீர் என்பதே அந்தப் பெயரின் பொருள். போதையின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பார்லியை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, சூளையில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். சூட்டின் அளவே அதன் நிறத்தையும் சுவையையும் தீர்மானிக்கிறது. மிதமான சூட்டில் உலர்ந்தால் வெளிர் மால்ட். விறகுத் தீயில் விரைவாகச் சூடேற்றினால் பழுப்பு மால்ட். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயர் பகுதியில் உள்ள வேர் நகரம் பழுப்பு மால்ட்டுக்குப் பெயர் பெற்றிருந்தது.

மால்ட்டின் மீது 1697 முதல் வரி விதிக்கப்பட்டு வந்ததால், ஒவ்வொரு படி தானியத்திலிருந்தும் எவ்வளவு சர்க்கரை கரைகிறது என்பது ஆலைகளுக்கு முக்கியமாயிற்று. ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் வெளியிட்ட நூல் வழியாகச் சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவியின் பயன் பரவியது. விலை மலிந்த பழுப்பு மால்ட் தரும் சாறு மிகக் குறைவு என்பது அப்போது தெளிவாயிற்று. அதன்பின் போர்ட்டர் பீரிலேயே பழுப்பு மால்ட்டின் பங்கு சுருங்கியது. மைல்டு ஏலோ பெரும்பாலும் வெளிர் மால்ட்டை மட்டுமே கொண்டு வடிக்கப்பட்டது. வீரியத்திற்கேற்ப எக்ஸ் எழுத்து ஒன்று முதல் நான்கு வரை பொறிக்கப்பட்டது. நான்கு எக்ஸ் வகையின் தொடக்க அடர்த்தி 1.100-ஐ ஒட்டி இருந்தது. இன்றைய சாதாரண பீரைப் போல இரு மடங்குக்கும் மேல்.

பார்லி இனத்திலும் அந்நூற்றாண்டுக்கென ஒரு முகம் உண்டு. 1820-களில் சஃபோக் பகுதியின் டெபன்ஹாமில் ஜான் ஷெவாலியே என்ற பாதிரியார் பெருக்கிய 'ஷெவாலியர்' இனம் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. பின்னர் கலிஃபோர்னியாவிலிருந்தும் துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்தும் பார்லி இறக்குமதியானது. அவற்றின் தடித்த உமி, ஊறல் தொட்டியில் சாறு தடையின்றி வடிய உதவியது.

1816-ஆம் ஆண்டுச் சட்டம், நிறத்துக்காக எரித்த சர்க்கரை சேர்ப்பதைத் தடுத்தது. மறு ஆண்டே டேனியல் வீலர், காப்பிக் கொட்டை வறுப்பது போன்ற உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தக் கரு மால்ட்டால் உடனே பயனடைந்தது போர்ட்டர்தான்; மைல்டு நிறம் மாற மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

1847-இல் சர்க்கரைக்கு அனுமதி கிடைத்தது. 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி, சாற்றின் அடர்த்தியின் மீது வரி விதித்தார். இதனால் மக்காச்சோள அவல் உள்ளிட்டவற்றைச் சேர்ப்பதற்கும் வழி திறந்தது. அக்காலகட்டத்தில்தான் மைல்டு கருமையாகத் தொடங்கியது. வெளிர் மால்ட்டைவிடச் சற்றே கூடுதல் சூட்டில் உலர்த்தப்பட்ட 'மைல்டு ஏல் மால்ட்' அடித்தளமாயிற்று. அதற்கு ஈரமான முளையை மூடிய சூட்டில் வைத்து, மாவுச்சத்து தானியத்துக்குள்ளேயே சர்க்கரையாக மாறியபின் வறுக்கப்படும் 'கிரிஸ்டல் மால்ட்' துணை நின்றது. எனினும் பல செய்முறைகளில் கருமை, வறுத்த தானியத்தைவிடக் கருஞ்சர்க்கரையாலும் கேரமலாலும் வந்ததே அதிகம்.

இந்த மலிவுக்கு ஒரு முறை உயிர்கள் விலையாயின. 1900-இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதிகளில் ஏழைத் தொழிலாளர்களின் கைகால்கள் மரத்துப் போயின. மதுப் பழக்கத்தால் வரும் நரம்பு நோய் என்றே முதலில் கருதப்பட்டது. கடும் மதுவகைகளை மிகுதியாகக் குடித்தவர்களுக்குப் பாதிப்பில்லை, பீர் குடித்தவர்களுக்கே நோய் என்பதைக் கவனித்த மருத்துவர் எர்னஸ்ட் ரெனால்ட்ஸ், பீரைச் சோதித்து ஆர்செனிக் இருப்பதைக் கண்டறிந்தார். பீருக்கான சர்க்கரை தயாரிப்பில் பயன்பட்ட கந்தக அமிலத்தில் அந்த நஞ்சு கலந்திருந்தது. 6,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; குறைந்தது 70 பேர் உயிரிழந்தனர். கெல்வின் பிரபு தலைமையிலான அரச ஆணையத்தின் விசாரணையில், நிலக்கரிப் புகையில் உலர்த்தப்பட்ட மால்ட்டிலும் ஆர்செனிக் படிவது தெரியவந்தது. சூளை எரிபொருளும் அதன்பின் கண்காணிப்புக்கு உள்ளானது.

மைல்டின் வீரியத்தைக் குறைத்தது முதல் உலகப் போர். 1914-இல் ஒரு பீப்பாய்க்கான வரி 7 ஷில்லிங் 9 பென்னியிலிருந்து 23 ஷில்லிங்காக உயர்ந்தது. தானியத் தட்டுப்பாடும் சேர, சுமார் 1.052-ஆக இருந்த பிரிட்டிஷ் பீரின் சராசரி அடர்த்தி, போர் முடியும் தறுவாயில் ஏறத்தாழ 1.031-ஆகச் சரிந்தது. 1931-ஆம் ஆண்டு வரி உயர்வும் இரண்டாம் உலகப் போரும் அது பழைய நிலைக்கு மீளவிடவில்லை. ஆயினும் 1950-கள் வரை சுரங்க, ஆலைத் தொழிலாளர்களின் அன்றாடப் பானமாக மைல்டு நீடித்தது. அதன்பின் 'பிட்டர்' முந்தியது.

இன்று மைல்டு ஏல் மால்ட் தயாரிக்கும் நிறுவனங்கள் மிகச் சிலவே. பழைய செய்முறைகளை மீட்க விரும்புவோர், நாரிச் நகரின் ஜான் இன்னஸ் மைய ஆய்வாளர்கள் விதைச் சேமிப்பிலிருந்து மீட்டெடுத்த ஷெவாலியர் பார்லியைத் தேடிச் செல்கின்றனர். மேற்கு மிட்லண்ட்ஸின் செட்ஜ்லியில் உள்ள பீக்கன் விடுதியில் இன்றும் 6 சதவீத ஆல்கஹால் கொண்ட கருஞ்சிவப்பு மைல்டு வடிக்கப்படுகிறது.