ஆலவாய்த் திருவாயிலும் அறத்துறுதியும்

போர்க்களத்திற் பகைவரை எதிர்த்து நிற்றலே வீரமென்று உலகோர் பலரும் கருதுவர். ஆயின், தம் சுற்றமும் ஊரும் தொன்றுதொட்ட வழக்கமென்று போற்றுவதொன்று அறத்தொடு மாறுபடுங்கால், அதனை எதிர்த்து நிற்றற்கு அதனினும் மிக்க உரன் வேண்டும். படைவீரனுக்குத் தன்னோர் துணையாவர். இவ்வீரனுக்கோ தன்னோரே பகைவராவர். இதற்கு மதுரைத் திருவாலவாயில் 1939 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆலயப்பிரவேசம் தக்க சான்றாகும்.

அந்நாள்வரை தாழ்த்தப்பட்ட குலத்தாரும் நாடார் குலத்தாரும் அங்கயற்கண்ணியின் திருக்கோயிலுட் புகுந்து வழிபடுதல் இயலாதிருந்தது. அவ்வழக்கத்திற்கு நீதிமன்றங்களும் அரணாய் நின்றன. 1897 இல் கமுதித் திருக்கோயிலுட் புகுந்த நாடார்மேற் றொடுக்கப்பட்ட வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908 இல் அவர்க்கு மாறாகவே முடிந்தது. திருவிதாங்கூரில் 1936 இல் அரசன் ஆணையாற் கோயில்கள் திறக்கப்பட்டன. மதுரைக்கோ அத்தகைய ஆணை யாதும் இருந்திலது.

இந்நிலையில், அரிசன சேவா சங்கத் தலைவரும் வழக்கறிஞருமாகிய அ. வைத்தியநாத ஐயர், 1939 சூலை 8 ஆம் நாட் காலையில், மேலூரைச் சார்ந்த தும்பைப்பட்டிக் கக்கன் முதலிய தாழ்த்தப்பட்டோர் ஐவரையும், நாடார் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு திருக்கோயிலுட் புகுந்தார். கோயில் நிருவாக அதிகாரியாகிய ஆர். எஸ். நாயுடு அவர்களைத் தடுத்திலர், வரவேற்றனர். அருச்சகருட் சிலர் பூசனை செய்ய மறுத்தனர், வழக்குகளும் எழுந்தன. ஐயர் தம் குலத்தாரது வெறுப்பிற்கு ஆளாயினர். சின்னாட்களில் அவசரச் சட்டமும், அவ்வாண்டிலேயே சென்னை மாகாணச் சட்டமும் பிறந்து, இச்செயல் புரிந்தோர்க்குக் காப்பாயின. சட்டம் வந்தபின் புகுந்தாரல்லர். புகுந்தபின்னரே சட்டம் வந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஐயரும் அதிகாரியும் காட்டிய உறுதி பெரிது. எனினும், உடன்சென்றோர் உறுதி அதனினும் பெரிதென்னலாம். தலைமுறை தலைமுறையாகத் தம்மைப் புறத்தே நிறுத்திய வாயிலைக் கடந்தவர் அவரே. கடந்தபின் அவ்வழக்கத்தையே போற்றும் மக்களிடைச் சென்று வாழவேண்டியவரும் அவரே. அவருள் ஒருவராகிய கக்கன் பிற்காலத்திற் சென்னை மாநில அமைச்சராய் விளங்கினார்.

தடுத்தோர் பழைமையைத் தமக்குத் துணையாகக் காட்டினர். ஆலவாயின் பழைமை கூறுவது யாது? திருவாயிற் புறத்தே நின்று யாழிசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணரை உள்ளே கொணருமாறு இறைவனே அடியார்க்குக் கனவிற் பணித்தருளினான் என்றும், ஈரநிலம் யாழின் நரம்பைத் தளர்த்துமென்று பொற்பலகை இடுவித்தான் என்றும் பெரியபுராணம் கூறும். ஆகலின், 1939 இல் நிகழ்ந்தது பழைமைக்கு மாறன்று. மறக்கப்பட்ட பழைமையின் மீட்சியே.

1934 இல் மதுரைக்கு வந்தும் அத்திருக்கோயிலுட் புகாது சென்ற காந்தியடிகள், 1946 இல் உட்சென்று வழிபட்டனர். 1947 இல் மாகாணம் முழுவதற்கும் ஆலயப்பிரவேசச் சட்டம் வந்தது. இன்று அவ்வாயிலை எளிதிற் கடந்து செல்வோர், அந்நாள் அதனைக் கடந்தோரது உறுதியை ஒருகணம் நினைதல் கடனாம். தமக்கு ஊறு வருமென்று அறிந்தும், பிறர்க்கு ஊறு செய்யாது, அறத்தின்பால் அசையாது நிற்றலே வீரமாவது.