பதுமகிரியும் வெறுங்கருவறையும்

ஏலமலைச் சரிவின் அடியிலுள்ள போடிநாயக்கனூரிலும் அதனைச் சார்ந்த ராசிங்காபுரம் முதலிய சிற்றூர்களிலும் வாழ்வார்க்குப் பழைய அரசியலின் அடையாளமாகக் கண்முன் நிற்பது போடி சமீன் அரண்மனையாம். அது பாளையக்காரர் வாழ்ந்த மாளிகையேயன்றி அரண் அன்று. அப்பாளையமும் மலையடியிலிருந்த பிற பாளையங்களும் எவ்வரணுக்குக் கட்டுப்பட்டு நின்றனவென வினவின், வடகிழக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டுக்கல் மலைக்கோட்டையே விடையாகும். பெரியகுளமும் வத்தலக்குண்டும் கடந்து செல்வார்க்கு அஃது ஒரு பொழுதில் எய்தத்தக்க இடமே. எனினும் சைவ நன்மக்கள் அதனை மிகுதியும் நாடுவதில்லை. தேவாரம் பெற்ற தலவரிசையில் திண்டுக்கல் இல்லாமையும், கோட்டை யென்றவளவிற் பீரங்கியும் படையுமே நினைவிற்கு வருதலும் அதற்குக் காரணமாகலாம். அங்ஙனம் ஒதுக்கத்தக்க இடம் அன்று அது.

ஊரின் ஒருபுறத்தே திண்டு கிடந்தாற்போற் கிடக்கும் தனிப்பாறையாதலின் திண்டுக்கல் எனப் பெயர் பெற்றதென்பர். தலவழக்கில் அதன் பெயர் பதுமகிரி. அடிவாரத்திலே கோட்டை மாரியம்மன் கோயில் இருக்கின்றது. மாசித் திருவிழாவில் அங்கே திரளும் மக்கட்கு அளவில்லை. அத்திரளில் மலைமேல் ஏறுவார் மிகச் சிலரே. ஏறுவாரும் பெரும்பாலும் மாலைக்காற்று வாங்க வருவோர். பீரங்கியருகே நின்று படம் பிடித்துக்கொண்டு, ஊரின் தோற்றத்தை ஒருமுறை நோக்கி, வந்தவழியே மீள்வர். அவர்மீது குறைகூறற்கில்லை. ஆயினும் கோட்டையை உள்ளவாறு காண விழைவார், விடுமுறையல்லாத நாளொன்றில், வாயில் திறக்கும் பொழுதிலேயே புகுந்து, ஓரிருவராய் நடந்தேறுதல் வேண்டும். வெயிலேறினாற் பாறை கொதிக்கும். அப்போது எவர்க்கும் நின்று காணும் பொறுமை இராது.

படிகள் பாறையிலேயே வெட்டப்பட்டவை. மதில் பாறையின் விளிம்பைத் தொடர்ந்து வளைந்து செல்கின்றது. கூட்டம் செல்லும் வழியை விட்டு மதிலோரமாகவே மெல்ல நடப்பார்க்கு, மலையின் இயல்பு எங்கெங்கே அரணாய் நின்றது, எங்கெங்கே மனிதர்கை அதற்குத் துணைசெய்ததென்பது தானே விளங்கும். கிழக்குந் தெற்குமாகச் சிறுமலை தோன்றும். மேற்கே பழனிமலைத் தொடர் நீலநிறமாய் நிற்கும். இடையிலுள்ள சமவெளியில் எப்படை எத்திசையினின்று வரினும் மறைந்து வரல் அரிது. மேலே மருந்தறை யொன்று உளது. வெடிமருந்து நனையாமலும் வெம்மையுறாமலும் இருத்தற்பொருட்டு இரட்டைச் சுவரும், காற்றுப் புகும் வட்டத் துளைகளும், மழைநீர் தங்காமற் சரிந்த கூரையுமாக அதனை அமைத்துள்ளனர். பாறைச் சரிவில் வழியும் மழைநீரைத் தேக்கிய நீர்நிலைகளும் உள. முற்றுகைக் காலத்தில் மருந்தினும் நீரே பெரிதாதலின், அரண்செய்தார் அறிவை இந்நீர்நிலைகளிலேயே மிகுதியுங் காணலாம்.

கோட்டை எவருடையதென்று அடிவாரத்தில் வினவின், திப்புவினுடையதென்றே பலருங் கூறுவர். அது முழுதும் பொருந்தாது. மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ஆம் ஆண்டில் இவ்வரணை எடுப்பித்தார். திருமலை நாயக்கர் (1623–1659) அதனை வலிமைப்படுத்தினார். மைசூர்ப்படை மதுரைமேல் வந்த காலத்தில், தளவாய் இராமப்பையனும் கன்னிவாடிப் பாளையக்காரராகிய இரங்கண்ண நாயக்கரும் இங்கே அதனை எதிர்த்து நின்றனர். ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜதாராய் வந்தது 1755-இல். பிராஞ்சுக்காரர் துணைகொண்டு படைக்கலச்சாலை யொன்றை அவர் இவ்வூரிலேதான் நிறுவினார். பின்னர் மைசூரையே ஆண்ட அவருடைய ஏற்றம் இங்கிருந்து தொடங்கியதென்னலாம். 1783-இல் ஆங்கிலர் கோட்டையைப் பிடித்தனர். 1784-இல் உடன்படிக்கைப்படி திப்புவினிடம் மீண்டது. 1790-இல் மறுபடியும் ஆங்கிலர் கைப்பட்டு, 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அவர்க்கே உரியதாயிற்று. ஆகவே ஐதர் வந்தது முதற் கணக்கிடினும் அவரும் அவர் மைந்தரும் ஆண்டது 35 ஆண்டேயாம். இப்பொழுது இந்தியத் தொல்லியல் துறையார் இதனைக் காத்துவருகின்றனர்.

இனி மலையுச்சியிலுள்ள கோயிலைக் காண்போம். நாயக்கர் காலத்துச் சிற்பமுறை தோன்றும் தூண்களும் மண்டபமும் கருவறையும் அங்கே நிற்கின்றன. கருவறையில் மூர்த்தி இல்லை, விளக்கில்லை, பூசையில்லை. காற்றின் ஒலி யொன்றே கேட்கும். மதிலையும் மருந்தறையையுங் கண்டு வியந்து வந்த அன்பர், இவ்வாயிலில் வந்து நின்றவுடன் கை கூப்புவதா, வாளா திரும்புவதா என மயங்குதல் இயல்பு.

இங்கே எழுந்தருளியிருந்தவர் பத்மகிரீசுவரர், அம்மை அபிராமி. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் இப்பெருமான்மீது 'பத்மகிரிநாதர் தென்றல் விடு தூது' என்னும் பிரபந்தம் இயற்றினார். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். இறைவன்பாற் காதல்கொண்ட தலைவி தென்றலைத் தூது விடுப்பதாக அமைந்தது அந்நூல். மலையுச்சியிற் காற்றின் நடுவே நிற்பவர், புலவர் அன்னத்தையும் கிளியையும் விடுத்துத் தென்றலைத் தெரிந்துகொண்டது எத்துணைப் பொருத்தமென உணர்வர்.

மைசூரார் காலத்தில் மலை முழுதும் படைவீடாயினமையின், வழிபடுவார் வந்துபோதல் இயலாதாகி, அம்மையப்பர் திருமேனிகள் ஊரினுள் இருந்த காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுவந்து எழுந்தருளுவிக்கப்பெற்றன வென்பது கோயில் வழக்கு. இதனைச் சமயப்பகைக்குச் சான்றாக எடுத்துச் சினங்கொள்வாரும் உளர். அன்னார் ஒன்று நினைத்தல் நன்று. 1772-இல் காளையார்கோயிற் போரில், சிவாலயத்தின் நிழலிலே சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அவர்தம் தேவி வேலுநாச்சியார் திண்டுக்கற் சீமையிலுள்ள விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்து, ஐதருடைய துணையும் பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். துணைசெய்த கையும், மலையைப் படைவீடாக்கிய கையும் ஒன்றே. அரணாகிய இடத்தில் ஆலயம் இடர்ப்படுதல் எவ்வரசர் காலத்தும் நேர்வது.

திருமேனி இடம்பெயர்தல் சைவர்க்குப் புதிதுமன்று. தில்லைக் கூத்தப்பெருமான் 1648-இல் தில்லையை நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்து 1686-இல் மீண்டருளினார். காஞ்சியினின்று போந்த பங்காரு காமாட்சியோ மீளாமல் தஞ்சையிலேயே கோயில் கொண்டாள். திருமேனியிலுள்ள கலைகளைக் கும்பத்தில் வாங்கி வேறிடத்து அமைக்குங் கலாகருடணம் என்னுங் கிரியையை ஆகமங்கள் விதித்திருத்தலே, இறைவன் ஓரிடத்துக்குக் கட்டுப்பட்டவன் அல்லனென்பதைக் காட்டும்.

அங்ஙனமாயின் மலைமேலுள்ள கருவறை வெறுங்கல் தானோ? சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு வழிபடுமாறு கூறும். எங்கும் நிறைந்தவனை இவ்விரண்டிடத்தும் வழிபடுதல் எதற்கென்னும் வினாவிற்கு, பிறவிடத்தில் பாலில் நெய்போல் விளங்காது நிற்பன், இவ்விடங்களிலே தயிரில் நெய்போல் விளங்கி நிற்பன் என விடையிறுப்பர் உரையாசிரியர். அவ்விடையே ஈண்டும் போதியதாம். அருச்சனையும் நிவேதனமும் திருமேனி உள்ளவிடத்திற்கே உரியன. ஆதலின் மேலே கருவறையிற் சூடங் கொளுத்திப் பூவிட்டு வருதல் முறையன்று, தொல்பொருளுக்குங் கேடு. ஆனால் தயிராய்ப் பன்னெடுநாள் இருந்து இப்பொழுது பாலாய் நிற்கும் அவ்விடத்தை, நெய்யே இல்லாத இடமென்று கருதிக் காலணியோடு புகுந்து சுவரிற் பெயர் கிறுக்குவது சைவன் செயலாகாது. வாயிலில் நின்று ஐந்தெழுத்தை எண்ணிக் கைகூப்பி மீள்தலே தக்கது.

மீளும்போது படிகளில் விரைதல் ஆகாது. இறங்கும் வழியே வழுக்குவது. அடிவாரத்தை அடைந்தபின் ஊரினுள் அபிராமியம்மன் கோயில் என வழங்கும் ஆலயத்துக்குச் செல்லல் வேண்டும். அங்கே காளத்தீசுவரர் ஞானாம்பிகையுடனும், பத்மகிரீசுவரர் அபிராமியுடனும் தனித்தனிச் சந்நிதிகளில் எழுந்தருளியுள்ளனர். முன்னரே இருந்தவர் காளத்தீசுவரர். ஆயினும் கோயிலின் பெயர் மலையினின்று இறங்கிவந்த அம்மையின் பெயராலேயே வழங்குகின்றது. மலைமேற் காணாத விளக்கு அங்கே எரிகின்றது.