துணையின்றி வந்த சிறார்

கெலாங் பாத்தாவை அடுத்த தஞ்சோங் குப்பாங்கிலிருந்து துவாஸ் வரை கடலின்மேற் கட்டிய பாலம் 1998ஆம் வருஷம் ஜனவரி 2ந் தேதி போக்குவரவுக்குத் திறக்கப்பட்டது. அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடப்போர் பல்லாயிரவர். தாய் தந்தையர் உடனில்லாமல் ஒரு சிறுவன் எல்லையில் வந்து நின்றால் அதிகாரிகள் அவனை என் செய்வது? இவ்வினா நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் கப்பலேறிய நாகப்பட்டினத்திலேயே இது எழுந்ததாகும்.

1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டபின், தோட்ட முதலாளிகள் கட்டிய வரிப்பணத்தால் கூலியாட்களின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த டிப்போக்களில் ஆட்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பினர். 1922ஆம் வருஷத்துக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ்ப் பிறந்த விதிகள், பெற்றோரோ பாதுகாவலரோ உடன்வராத சிறார்க்கு இவ்வுதவி கூடாதெனத் தடுத்தன. விதி நல்லதே. ஆயின் பாதுகாவலன் இவனென்று சொல்பவன் யார்? கங்காணி தன் சொந்த ஊரிலே, தன் உறவினரிடையே ஆள் திரட்டுபவன். நம் நாட்டு வழக்கிலோ ஒரு சாதியார் யாவரும் மாமன், மச்சான், சித்தப்பன். “பையன் என் அக்காள் மகன்” என்று ஒருவன் கூறிவிட்டால், அதனைப் பொய்யென மறுக்க டிப்போ குமாஸ்தாவிடம் என்ன ஆதாரம் உண்டு? தோட்டத்து லயத்திற்கு வந்தபின் அப்பையனின் கூலி யார் கையிற் சேர்ந்ததென்று எந்தத் துரை கேட்டிருப்பார்?

ஜொகூர் வரவேண்டியோர் சிங்கப்பூரில் இறங்கினர். செயிண்ட் ஜான்ஸ் தீவில் அம்மையும் பேதியும் உண்டாவெனப் பார்த்தனர். நோயைத் தேடியவர்கள் தாயைத் தேடினார்களில்லை என்பதே நம் குறை. 1938இல் இந்திய சர்க்கார் கூலியாட்களின் உதவிக் குடியேற்றத்தை நிறுத்தியதோடு அக்கதை முடிந்தது.

டிப்போ என்னும் சொல் மட்டும் முடியவில்லை. கெலாங் பாத்தாவுக்கு வடமேற்கே, பெக்கான் நானாஸில் உள்ள குடிநுழைவுத் தடுப்பு முகாமை மலாயில் இன்றும் ‘டெப்போ’ என்றே வழங்குகின்றனர். இந்நாட்டு முகாம்களில் அடைபடுவோருள் பர்மாவினின்று தப்பி வந்த ரோஹிங்கியாச் சிறாரும் உளர். அவர்களிற் சிலர் துணையின்றி வந்தவர். 2001ஆம் வருஷத்துச் சிறார் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டார் எவரையும் காக்கவேண்டுமென்கிறது. குடிநுழைவுச் சட்டமோ சீட்டில்லாதவனைக் குற்றவாளி என்கிறது. வயதை அது பாராட்டுவதில்லை. 1995இல் மலேசியா சிறார் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தபோது, சிறாரைச் சிறைப்படுத்தல் பற்றிய 37ஆம் விதியை ஏலாது ஒதுக்கிவைத்தது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தார் முகாம்களுக்குட் செல்வது 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. 2023இல் சிறார்க்கெனப் ‘பைத்துல் மஹப்பா’ என்னும் தனி இல்லம் திறந்தனர்; அன்பில்லம் என்று பொருள். முகாமினும் அது மேலென்பதை மறுக்கமாட்டோம். எனினும் அங்கும் காவல் குடிநுழைவுத் துறையினதே.

இத்தகைய சிறுவனுக்கு இந்நாட்டில் மெய்யாகவே ஒரு சித்தப்பன் இருப்பதுண்டு. கட்டட வேலையோ காய்கறித் தோட்ட வேலையோ செய்து பிழைப்பவன். பையனை அழைத்துவர அவன் முகாம் வாயிலுக்குப் போகலாம். ஆனால் அவனிடமும் சீட்டில்லை. போனால் அவனையும் உள்ளே வைத்துக்கொள்வார்கள்.