நடந்தே வெளியே வந்த கேப்டன்

1/ தலையில அடிபட்டவர் எழுந்து நடந்து, தெளிவா பேசிட்டா "ஒண்ணும் ஆகல"ன்னு நிம்மதி ஆயிடுறோம் இல்லையா? இந்தக் கதையைப் படிங்க.

2/ 1962 மார்ச் 17, பார்படாஸ். சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையில் தாக்கியது. ஹெல்மெட் இல்லாத காலம். நடந்துதான் வெளியே வந்தார். பிறகு நிலைமை மோசமாச்சு. மண்டைக்குள்ளே ரத்தக்கட்டி! அவசர ஆபரேஷன். மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் ஃபிராங்க் வொரலும் ரத்தம் கொடுத்தார். உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி டெஸ்ட் ஆடவே இல்லை.

3/ ஏன் தாமதம்? ரத்தம் மெல்லக் கசியும்போது மூளை கொஞ்ச நேரம் சமாளிக்கும். மண்டையோடு விரியாது. இடம் தீர்ந்ததும் அழுத்தம் சட்டுன்னு ஏறும். 1891லேயே ஜெர்மானிய மருத்துவர் பாலிங்கர் இப்படித் தாமதமா வரும் ரத்தக்கசிவைப் பற்றி எழுதிட்டார்.

4/ கான்ட்ராக்டர் தலையில் பிளேட் வைத்தது நம்ம வேலூர் சி.எம்.சி.யில், டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1949ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர். அந்த பிளேட்டை எடுத்தது 2022ல்!

5/ மனிதருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்ததே 1971ல்தான். அதுவரை மருத்துவரின் கண்காணிப்புதான் ஸ்கேன்.

6/ அதனால திருத்தணி மலைப்படியில வழுக்கினாலும், பைக்குல விழுந்தாலும், ஒரு நாள் முழுக்கக் கூடவே ஆள் இருக்கணும். அதிகமாகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு: எது வந்தாலும் உடனே 108. வயதானவர்களும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுப்பவர்களும் அறிகுறிக்காகக் காத்திருக்காம அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அவங்களுக்கு வாரக்கணக்கு கழிச்சும் ரத்தம் கட்டலாம்.